செத்த நட்சத்திரத்தில் ஒட்டிய மண்

1917-ம் ஆண்டு அக்டோபர் மாதம். கலிஃபோர்னியாவின் மவுன்ட் வில்சன் மலையில் வால்டர் ஆடம்ஸ் ஒரு மங்கலான நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்து, கண்ணாடித் தகடு ஒன்றில் பதிவு செய்தார். அதே ஆண்டில் அந்த நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர், அங்கேயே வேலை பார்த்த டச்சுக்காரர் அட்ரியான் வான் மானன். சூரியனைவிடக் கொஞ்சம் சூடானது போலிருக்கிறது என்று உறையில் குறித்து, தகட்டை உள்ளே வைத்து மூடினார் ஆடம்ஸ். அவ்வளவுதான்.

ஏறக்குறைய நூறு வருடம் கழித்து, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஜே ஃபரிஹி, தன் ஆய்வுக் கட்டுரைக்காக அந்தத் தகடு வேண்டுமென்று கார்னகி ஆய்வகத்தைக் கேட்டார். தேடி எடுத்துக் கொடுத்தார்கள். நிறமாலையில் கால்சியத்தின் கோடுகள் அழுத்தமாக விழுந்திருந்தன. சூரியக் குடும்பத்துக்கு வெளியே இன்னொரு கோள் குடும்பம் இருந்ததற்கான முதல் தடயம் அது. 1917-லேயே கையில் கிடைத்துவிட்டது. அது என்னவென்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

கால்சியத்துக்கும் கோளுக்கும் என்ன சம்பந்தம்?

வான் மானன் கண்டது ஒரு வெள்ளைக் குள்ளன். எரிபொருள் தீர்ந்து, வெளிப்போர்வையை உதறிவிட்ட நட்சத்திரத்தின் மிச்சக் கரு. சூரியனின் எடையில் பாதிக்கு மேல் பூமி அளவு உருண்டைக்குள் அமுங்கிக் கிடக்கும். அதன் எடை எந்த எல்லையைத் தாண்டக் கூடாது என்பதை, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயது சந்திரசேகர் பயணத்திலேயே கணக்குப் போட்டது தெரிந்த கதை. அது உடம்பின் கணக்கு. இது தோலின் கதை.

அந்தத் தோல் மிக மெல்லியது. ஈர்ப்பு விசையோ பூமியில் இருப்பதைப்போல ஏறக்குறைய லட்சம் மடங்கு. கலங்கிய தண்ணீரைக் குடத்தில் அசையாமல் வைத்தால் மண் அடியில் தங்கி, மேலே தெளிந்துவிடும் அல்லவா? அதே சங்கதிதான். கனமான தனிமங்கள் எல்லாம் அடியில் இறங்கிவிடும். மேலே நிற்பது ஹைட்ரஜன். அது இல்லாமல் போன நட்சத்திரங்களில் ஹீலியம். சூடான ஹைட்ரஜன் தோலில் கால்சியமோ இரும்போ விழுந்தால், சில நாட்களிலேயே மூழ்கிவிடும். ஆறிப்போன ஹீலியம் தோலில் சில பத்து லட்சம் வருடங்கள் தாக்குப்பிடிக்கும். இந்த நட்சத்திரங்கள் ஆறத் தொடங்கியோ நூற்றுக்கணக்கான கோடி வருடங்கள் ஆகியிருக்கும். அப்படியானால் மேலே தெரியும் கால்சியம் பிறவியிலேயே வந்ததாக இருக்க முடியாது. சமீபத்தில் யாரோ கொட்டியிருக்க வேண்டும்.

நட்சத்திரங்களுக்கு நடுவே மிதக்கும் வாயுவும் தூசும்தான் விழுகின்றன என்று வெகுகாலம் நினைத்தார்கள். ஆனால் அந்த வாயுவில் பெரும்பகுதி ஹைட்ரஜன். கால்சியம் அதிலிருந்து வந்திருந்தால், கூடவே பல மடங்கு ஹைட்ரஜனும் வந்திருக்கும். அது மூழ்கவும் மூழ்காது. ஹீலியக் குள்ளன்களிலோ அந்த அளவு ஹைட்ரஜனைக் காணோம். ஹைட்ரஜனை விட்டுவிட்டுக் கால்சியமும் இரும்பும் மட்டும் சேர்ந்து வருகின்றன என்றால், வந்தது கல்.

நட்சத்திரம் வெளிப்போர்வையை உதறும்போது எடை குறைகிறது, பிடி தளர்கிறது, சுற்றிவரும் கோள்களின் பாதை அகலுகிறது. கோள்களின் இழுபறியில் சிக்கும் சிறுகோள்கள் சில குள்ளனை நோக்கி விழுகின்றன. நெருங்கியதும் ஈர்ப்பு அவற்றைக் கிழித்துத் தூளாக்குகிறது. இது வெறும் ஊகமில்லை. 2015-ல் கன்னி ராசித் திசையில் இருக்கும் ஒரு வெள்ளைக் குள்ளனின் ஒளி, ஏறக்குறைய நாலரை மணி நேரத்துக்கு ஒருமுறை மங்குவதைக் கெப்ளர் விண்கலம் பிடித்தது. உடைந்துகொண்டிருக்கும் சிறுகோள் ஒன்றின் துண்டுகள் குறுக்கே போய்க்கொண்டிருந்தன.

இதில் உண்மையான லாபம் வேறு. தொலைதூரக் கோளின் எடையை அளக்கலாம், அகலத்தை அளக்கலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று உடைத்துப் பார்க்க வழியில்லை. வெள்ளைக் குள்ளன் அந்த வேலையைச் செய்துகொடுக்கிறது. விழுந்த கல்லின் தனிமங்களைத் தன் தோலில் விரித்துக் காட்டுகிறது. பெரும்பாலும் தெரிவது ஆக்ஸிஜன், மெக்னீசியம், சிலிக்கான், இரும்பு. பூமியும் முக்கியமாக இந்த நான்கால் ஆனதுதான். 2013-ல் ஜிடி 61 என்ற குள்ளனில், பாறைக்குத் தேவையானதைவிட ஆக்ஸிஜன் கூடுதலாக இருந்தது. கரியோ மிகக் குறைவு. ஆகவே அது தண்ணீரோடு வந்த ஆக்ஸிஜன்தான் என்று முடிவுகட்டினார்கள். அங்கே விழுந்த சிறுகோளின் எடையில் கால்வாசி தண்ணீர்!

சூரியனும் சுமார் 500 கோடி வருடத்தில் வீங்கத் தொடங்கி, பிறகு வெள்ளைக் குள்ளனாகும். புதனும் வெள்ளியும் தப்பாது. பூமி தப்புமா என்பதில் நிபுணர்களுக்குள் இன்னும் வழக்குத் தீரவில்லை. சிறுகோள்களில் பல மிஞ்சும். அவற்றில் சில பின்னாளில் சூரியன்மேல் விழும்.

வான் மானன் நட்சத்திரம் 14 ஒளியாண்டு தூரத்தில், மீன ராசித் திசையில் இருக்கிறது. அந்தக் கல்லை அதன்மேல் தள்ளிவிட்ட கோள் இன்னும் யார் கண்ணிலும் படவில்லை.