பாலர் ஆசிரியைக்கு எப்பயிற்சி வேண்டும்?

சென்ற தவணை விடுமுறையில் மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொலவுக்குச் சென்றிருந்தேன். அங்கே பாலர் பள்ளி ஆசிரியையாகப் பயிற்சி பெற்றுவரும் இளம்பெண் ஒருவர் தம் குறிப்பேட்டை என்னிடம் காட்டினார். குழந்தை உளவியல், ஊட்டம், கைவேலை என யாவும் அழகிய கையெழுத்தில் இருந்தன. பின்னர், “ஐயா, நான்கு வயதுப் பிள்ளைக்கு உயிரெழுத்துப் பன்னிரண்டையும் எத்தனை மாதத்தில் எழுதப் பழக்கலாம்?” என்று வினவினார். முப்பது ஆண்டாக இலக்கணம் கற்பித்துவரும் எனக்கு அவ்வினா மகிழ்வளித்திருக்க வேண்டும். ஏனோ அளிக்கவில்லை.

அவரைக் குறை கூறுதல் தகாது. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தத்தின்பின் முன்பள்ளிகள் மாகாண சபைகளின் பொறுப்பாயின. எனினும், பல இடங்களில் பெற்றோர் தரும் கட்டணமே இன்றும் ஆசிரியையின் ஊதியம். அப்பெற்றோர் தேடுவதோ கொப்பியில் எழுத்து. எழுத்தில்லையேல் பிள்ளையை வேறிடம் சேர்ப்பர். பயிற்சியில் கற்றது ஒன்று, பிழைப்புக்குச் செய்வது மற்றொன்று என்றாகிவிடுகிறது.

குழந்தையின் கையைச் சற்று நோக்குக. மணிக்கட்டில் உள்ள சிற்றெலும்புகள் 8. பிறக்கும்போது அவை வெறுங் குருத்தெலும்பே. ஐந்து வயதிலும் அவை அனைத்தும் எலும்பாகி முடிவதில்லை. அக்கையில் பென்சிலைத் திணித்து வரிக்கோட்டுக்குள் ‘இ’ எழுதச் சொல்கிறோம். நம் திண்ணைப் பள்ளி ஆசான்கள் உடற்கூறு கற்றவரல்லர்; ஆயினும் முதலில் மணலிலே விரலால் எழுதுவித்தனர். (அவர்தம் பிரம்பை நான் போற்றவில்லை, மணலைத்தான் போற்றுகிறேன்.) 1907 இல் உரோமாபுரியின் சான் லொரென்சோவில் ஏழைத் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைத்த மரியா மொண்டிசோரி அம்மையாரும் உப்புத்தாள் எழுத்தை விரலால் தடவச் செய்தே தொடங்கினார். அவர் 1939 இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். 1944 இல் இலங்கையிலும் வகுப்பு நடத்தினார். இன்று நம் நாட்டில் மூலைக்கொரு ‘மொண்டிசோரி’ உண்டு. பெயர்ப் பலகையைத் தவிர அம்மையாருடையது வேறெதுவும் இல்லாத பள்ளிகளும் அவற்றுள் பல.

எழுத்தினும் பெரிது பேச்சு. பல்லேபொல சிங்கள மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி. அங்குள்ள தமிழ் பேசும் சிறுபிள்ளை வீட்டில் ஒரு மொழியும் வாசலில் மற்றொரு மொழியும் கேட்டு வளர்கிறது. வயிறு நோகின்றது என்பதையும், சிறுநீர் கழிக்கவேண்டும் என்பதையும் தன் மொழியில் சொல்ல, அது விளங்கிக்கொள்ளும் ஆசிரியை வேண்டாமா? தமிழாசிரியைக்குச் சிங்களமும், சிங்கள ஆசிரியைக்குத் தமிழும் பேச்சளவிலேனும் பயிற்சியில் சேர்தல் வேண்டும். இதனைச் சலுகை என எண்ணுவோர் அழும் பிள்ளையின் அருகில் ஒரு நாள் இருந்து பார்ப்பாராக.

குசராத்தின் பாவநகரில் 1920 இல் பாலமந்திர் தொடங்கிய கிஜுபாய் பதேகா முன்னர் வழக்கறிஞர். அவர் மொண்டிசோரி முறையை அப்படியே இறக்குமதி செய்து அமைந்துவிடவில்லை. பிள்ளைகளுக்கெனக் குசராத்தியில் ஏராளமான கதைகளை எழுதினார், ஆசிரியர்களையும் பயிற்றுவித்தார். நம் பயிற்சி வகுப்புகளிலோ குறிப்பெடுத்தலே மிகுதி. பாதிக் காலத்தையேனும் பட்டறிவுடைய ஆசிரியை ஒருவரின் பக்கத்தில், பிள்ளைகளின் நடுவே கழித்தாலன்றிக் கதை சொல்லும் குரல் எவர்க்கும் வாராது. அந்தப் பயிற்சிக் காலத்துக்கு மாகாணக் கல்வித் திணைக்களம் படியும் வழங்குதல் வேண்டும். கூலியின்றிக் கற்க ஏழைப் பெண்ணால் இயலாது.

அன்று அப்பெண்ணிடம், “எழுத்து முதலாந் தரத்துக்கு இருக்கட்டும், பிள்ளை. உம் பாட்டிக்குத் தெரிந்த பாட்டுகளும் விடுகதைகளும் எத்தனை என்று கேட்டு எழுதிவாரும்” என்றேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, “தாய்மார் கொப்பியைக் கேட்டால் என்ன காட்டுவது, ஐயா?” என்றார். அவர்களையும் ஒரு நாள் அழைத்துப் பிள்ளைகளுடன் மணலில் அமரச் செய்யும்படி கூறினேன். அவர் முகத்தில் நம்பிக்கை பிறந்ததாகத் தெரியவில்லை. ஆனால் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் அதையும் எழுதிக்கொண்டார்.