டாம்ஸன் பிரபுவின் கணக்குப் புத்தகம்

59 வயதில் ஒரு மனிதர் சாதாரணமாக என்ன செய்வார்? பென்ஷன் கணக்குப் பார்ப்பார். பேரன் பேத்திகளுக்குக் கதை சொல்வார். காலைப் பத்திரிகை ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தால், போடுகிற பையனைப் பிடித்துக் கோபித்துக்கொள்வார்.

கானடா தேசத்து ராய் டாம்ஸனுக்கு 1953-ல் வயது 59. மனைவி எட்னா இரண்டு வருஷத்துக்கு முன்பே காலமாகிவிட்டாள். அந்த வருஷம் பார்லிமெண்டுத் தேர்தலில் நின்று தோற்றும் போனார். போதும் போதும் என்று சாய்வு நாற்காலியில் உட்காரக்கூடிய சமயந்தான். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி ஸ்காட்லாந்துக்குப் போய், 1817-ல் ஆரம்பித்த ‘ஸ்காட்ஸ்மன்’ பத்திரிகையை விலைக்கு வாங்கினார்!

அதோடு நிற்கவில்லை. 1959-ல் லண்டன் ‘ஸண்டே டைம்ஸ்’ அவர் கைக்கு வந்தது. 1967-ல் சாட்சாத் ‘டைம்ஸ்’ பத்திரிகையே வந்தது. கானடா, அமெரிக்கா, பிரிட்டன் எல்லாவற்றையும் சேர்த்தால் அவருக்குச் சொந்தமான பத்திரிகைகள் 200-க்கு மேல். 1964-ல் பிரபு பட்டமும் கிடைத்தது. சுயசரிதை எழுதியபோது அதற்கு ‘எனக்கு அறுபது ஆன பிறகு’ என்ற அர்த்தத்தில் பெயர் வைத்தார். பொருத்தமான பெயர்தான். ஆனால் அறுபதுக்கு முன்னால் நடந்ததைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் நடந்தது விளங்கும்.

டொரண்டோ நகரத்தில் முடி வெட்டும் கடை வைத்திருந்தவரின் மகன் அவர். 1894-ல் பிறந்தார். 14 வயதுக்குள் பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. கண்பார்வை மகா மோசம். சோடாப் புட்டிக் கண்ணாடி இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் இல்லை. முதல் மகா யுத்தத்தில் பட்டாளத்தில் சேரப் போனவரை அந்தக் கண்ணுக்காகவே திருப்பி அனுப்பிவிட்டார்கள். விவசாயம் செய்து பார்த்தார், நஷ்டம். மோட்டார் உதிரி பாகங்கள் விற்றார்; அதுவும் நஷ்டம். மூன்று குழந்தைகளுக்குத் தகப்பனான பிறகு, வட ஒண்டேரியோவில் குளிர் வாட்டும் நார்த் பே என்ற ஊருக்கு ரேடியோப் பெட்டி விற்கப் போனார்.

அங்கே ஒரு சங்கடம். பெட்டியைத் திருப்பினால் ‘கொர் கொர்’ என்ற இரைச்சலைத் தவிர வேறு சங்கீதம் வரவில்லை. நல்ல ஸ்டேஷன்கள் எல்லாம் வெகு தூரத்தில் இருந்தன. பாட்டு வராத பெட்டியை எந்த வீட்டுக்காரி வாங்குவாள்? டாம்ஸன் யோசித்தார். 1931-ல் அந்த ஊரிலேயே ஒரு ரேடியோ ஸ்டேஷனைக் கடனுக்கு ஆரம்பித்துவிட்டார்.

பெட்டி விற்கத் தொடங்கியது. ஆனால் அவர் கற்றுக்கொண்ட பாடம் வேறு. ரேடியோ கேட்கிறவர்கள் அவருக்குத் தம்படி கொடுக்கவில்லை; மளிகைக்கடைக்காரரும் ஜவுளிக்கடைக்காரரும் விளம்பரத்துக்குக் கொடுத்தார்கள்! மூன்று வருஷம் கழித்து, 1934-ல், டிம்மின்ஸ் என்ற தங்கச் சுரங்க ஊரில் ஒரு வாரப் பத்திரிகை விலைக்கு வந்தது. விலை 6,000 டாலர். அவர் எண்ணி வைத்த முன்பணம் 200 டாலர், பாக்கி தவணையில். நம்மில் பலர் தையல் மிஷின் வாங்குவது இப்படித்தான். இவர் பத்திரிகை வாங்கினார்.

அச்சாபீஸ் ரகசியம் ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். தினசரிப் பத்திரிகைக்கு நாம் கொடுக்கிற காசில் அதற்கு ஆகும் செலவு கட்டாது. காகிதம், மை, யந்திரம், நிருபர் சம்பளம், கட்டுக் கட்டி ரயிலில் ஏற்றும் கூலி என்று எல்லாவற்றையும் கூட்டினால் துண்டு விழும். அதை விளம்பரக்காரர்கள் நிரப்புகிறார்கள். இதை எல்லாப் பத்திரிகை முதலாளிகளும் அறிவார்கள்; ஆனால் வெளியே சொல்ல வெட்கப்படுவார்கள். டாம்ஸன் வெட்கப்படவில்லை. விளம்பரங்களுக்கு நடுவே இடத்தை நிரப்பும் சரக்குத்தான் செய்தி என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. ஸ்காட்லாந்தில் டெலிவிஷன் நடத்த 1957-ல் அனுமதி கிடைத்ததும், அதைப் பணம் அச்சடிக்கும் லைசென்ஸ் என்று வாய்விட்டே சொன்னார். பங்கு சேர அழைத்தபோது ஸ்காட்லாந்துக் கனவான்கள் பலர் தயங்கினார்கள். ஆகவே 80 சதவீதப் பங்கு அவரிடமே தங்கிவிட்டது. பிறகு அந்தக் கனவான்களின் வயிறு எப்படி எரிந்திருக்கும்!

அவர் பத்திரிகை வாங்குகிற முறை இது. ஊரில் ஒரே ஒரு தினசரி இருக்க வேண்டும். போட்டி இருந்தால் விளம்பரக்காரர் பேரம் பேசுவார். ஒன்றே ஒன்றுதான் என்றால் எங்கே போவார்? கிழவர் நடத்தி, பிள்ளைகளுக்கு அக்கறை இல்லாமல் போன பத்திரிகை என்றால் இன்னும் விசேஷம். பத்திரிகை முதலாளி யாரைச் சந்தித்தாலும், “விற்கிற உத்தேசம் உண்டா?” என்று கேட்டுவிடுவார். விமானத்தில் உட்கார்ந்தால் அவர் கையில் துப்பறியும் நாவல் இருக்கும். இல்லாவிட்டால் ஏதாவது ஒரு கம்பெனியின் வரவு செலவுக் கணக்கு இருக்கும். இரண்டும் அவருக்கு ஒரே மாதிரி ருசி. 1950-களின் ஆரம்பத்திலேயே கானடாவில் 19 பத்திரிகைகள் இப்படி அவர் கையில் வந்து சேர்ந்திருந்தன. ஒரே முதலாளியின் கையில் வளையம் வளையமாகக் கோத்த இந்த மாதிரிப் பத்திரிகைகளைச் ‘சங்கிலிப் பத்திரிகைகள்’ என்பார்கள்.

வாங்கிய பிறகு கணக்கு நோட்டு வரும். வருஷ ஆரம்பத்தில் ஒவ்வொரு பத்திரிகைக்கும் பட்ஜெட். காகிதத்துக்கு இவ்வளவு, டெலிபோனுக்கு இவ்வளவு, நிருபர்களுக்கு இவ்வளவு என்று திட்டம் போட்டுவிடுவார்கள். அதன்படி நடக்கிறதா என்று தலைமை ஆபீஸ் பார்த்துக்கொண்டே இருக்கும். முதல் தேதி சம்பளக் கவரைப் பிரித்து வாடகை, பால், பள்ளிச் சம்பளம் என்று பங்கு போடும் சகோதரிகளுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இராது. ஒரே ஒரு வித்தியாசம்: நாம் மிச்சம் பிடிப்பது அதே வீட்டுக்கு. டிம்மின்ஸில் மிச்சமான டாலர் அடுத்த ஊரில் அடுத்த பத்திரிகையை வாங்கப் போய்விடும்.

சரி, ஆசிரியர்களை என்ன செய்தார்? இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. ஒன்றும் செய்யவில்லை! பீவர்புரூக் பிரபு என்று கானடாவிலிருந்து வந்த இன்னொரு பத்திரிகை முதலாளி இருந்தார். பிரசாரத்துக்காகவே பத்திரிகை நடத்துகிறேன் என்று விசாரணைக் கமிஷன் முன்னால் கூசாமல் சொன்னவர். டாம்ஸன் நேர் எதிர். தம் பத்திரிகையின் அபிப்பிராயத்தை யாரும் விலைக்கு வாங்க முடியாது, ஆசிரியரின் தீர்மானமே தீர்மானம் என்று ஒரு கார்டில் அச்சடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். சிபாரிசுக்கு வருகிறவர்களிடம் அதை எடுத்து நீட்டுவார். தலையங்கத்தில் தொழிற்கட்சியை ஆதரித்தாலும், எதிர்த்தாலும் அவருக்குக் கவலையில்லை.

வெறும் வாய்ப் பேச்சா என்று சந்தேகப்படுகிறவர்களுக்காக 1972-ல் நடந்ததைச் சொல்கிறேன். பெண்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது.

தாலிடோமைட் என்று ஒரு மருந்து. பிரிட்டனில் டிஸ்டில்லர்ஸ் என்ற கம்பெனி 1958 முதல் 1961 வரை அதை விற்றது. மசக்கைக்கு நல்லது, தீங்கில்லாதது என்று நம்பி டாக்டர்கள் எழுதிக்கொடுத்தார்கள். வாந்தியால் வாடிய பெண்கள் வாங்கிச் சாப்பிட்டார்கள். பிறந்த குழந்தைகளுக்குக் கை இல்லை, கால் இல்லை. தோளிலிருந்து விரல்கள் முளைத்த சிசுக்களைப் பார்த்துத் தாய்மார்கள் எப்படித் துடித்திருப்பார்கள்! பிரிட்டனில் மட்டும் உயிர் தப்பிய குழந்தைகள் 400-க்கு மேல். நஷ்ட ஈட்டு வழக்கு பத்து வருஷமாக இழுத்துக்கொண்டிருந்தது. கோர்ட்டில் இருக்கும் விஷயத்தைப் பற்றிப் பத்திரிகை எழுதினால் அவமதிப்புக் குற்றம். ஆகவே எல்லாரும் வாய் மூடியிருந்தார்கள்.

‘ஸண்டே டைம்ஸ்’ ஆசிரியர் ஹெரால்ட் எவன்ஸ் வாய் மூடவில்லை. சட்டம் எப்படியிருந்தாலும் நியாயம் என்று ஒன்று உண்டே என்று 1972 செப்டம்பரில் எழுத ஆரம்பித்தார். டிஸ்டில்லர்ஸோ சாராய வியாபாரத்தில் கொழுத்த கம்பெனி. அந்தப் பத்திரிகைக்கே பெரிய விளம்பரக்காரர்! விளம்பரத்தை நிறுத்தினார்கள். அடுத்த கட்டுரைக்குக் கோர்ட் தடையுத்தரவு வந்தது. மாடியிலிருந்து மட்டும் “நிறுத்து” என்ற உத்தரவு வரவில்லை. 1973-ல் குழந்தைகளுக்குக் கம்பெனி ஒப்புக்கொண்ட தொகை சுமார் 2 கோடி பவுன் வரை உயர்ந்தது. கட்டுரைக்குத் தடை போட்டது தவறு என்று ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட் 1979-ல் தீர்ப்பளித்தது.

பணம் எண்ணுகிறவர் என்று ஏளனம் செய்யப்பட்ட மனிதர் விளம்பர வருமானம் போனாலும் சும்மா இருந்தார் என்பதை மறக்கக்கூடாது. ஆனால் நம் சகோதரிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த வேலைக்கு வருஷக்கணக்கில் ஆதாரம் தேட நிருபர்கள் வேண்டும், வக்கீல்கள் வேண்டும், ஒரு கட்டுரை வெளிவராமல் போனாலும் தாங்கக்கூடிய பணம் வேண்டும். ‘ஸண்டே டைம்ஸ்’ பத்திரிகையில் எல்லாம் இருந்தன. 1962-ல் டாம்ஸன் அதற்கு வர்ணப் படங்களோடு ஓர் இலவச இணைப்புச் சேர்த்தபோது ஊரே சிரித்தது. முதலில் கையைக் கடித்தது. பிறகு பணமாகக் கொட்டியது. சிரித்த பத்திரிகைகள் இரண்டு வருஷத்தில் தாங்களும் வர்ண இணைப்புப் போட்டன. ஆகவே லண்டன் ஆசிரியருக்குக் கார்டும் இருந்தது, காசும் இருந்தது.

கானடாவில் ஒரு சின்ன ஊர் ஆசிரியருக்கு? அதே கார்டு உண்டு. உன் இஷ்டம்போல் எழுது என்று சுதந்தரமும் உண்டு. ஆனால் விரல்விட்டு எண்ணக்கூடிய நிருபர்கள். அவர்கள் கல்யாணம், கருமாதி, முனிசிபல் கூட்டம், பள்ளி விளையாட்டு விழா இவற்றை எழுதி முடிப்பதற்குள் விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிடும். ஊர் ஆலை ஆற்றில் என்ன கொட்டுகிறது என்று பார்க்க யாரை அனுப்புவது? யாரும் தடுக்கவில்லைதான், பட்ஜெட்டில்தான் இடமில்லை! 1966-ல் ஆஷவா ஊர்ப் பத்திரிகையில் வேலைநிறுத்தம் நடந்தது. 1968-ல் பீட்டர்பரோவில் நடந்தது. நிருபர்களும் வாசலில் நின்றார்கள். ‘எழுதச் சுதந்தரம் கொடுத்தேனே’ என்பதே எல்லாவற்றுக்கும் பதிலாகிவிடாது என்பது என் கட்சி. சமைக்கச் சுதந்தரம் கொடுத்து அரிசியை அளந்து பூட்டி வைத்தால், அதற்கு என்ன பெயர்?

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். தடுமாறிய சிறு பத்திரிகைகளுக்குப் புது யந்திரம் வாங்கிப் போட்டார். ‘ஸ்காட்ஸ்மன்’ முதல் பக்கம் முழுக்க விளம்பரமாக இருந்ததை மாற்றி, 1957-ல் செய்தியைக் கொண்டு வந்தது அவர் காலத்தில்தான். வளரும் நாடுகளின் பத்திரிகைக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்க 1962-ல் ஒரு தரும ஸ்தாபனமும் ஏற்படுத்தினார். எல்லாவற்றையும்விட ஆச்சரியம், ‘டைம்ஸ்’ விஷயம். அது லாபம் தராது என்று தெரிந்தே வாங்கினார். நஷ்டத்தைக் குடும்பச் சொத்திலிருந்து கட்டினார். வாழ்நாள் முழுவதும் சல்லிக் கணக்குப் பார்த்தவர் ஒரே ஒரு பத்திரிகைக்கு மட்டும் கணக்கு நோட்டை மூடி வைத்தார்! பிரபு பட்டத்துக்காகக் கானடாப் பிரஜா உரிமையையே விட்டுக் கொடுத்தவரல்லவா? கௌரவத்துக்கு என்ன விலை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதிர்ஷ்டமும் கை கொடுத்தது. 78 வயதில் வட கடலில் அவருடைய கூட்டுக் கம்பெனிக்கு எண்ணெய் ஊற்று அகப்பட்டது.

1976-ல் அவர் இறந்தபோது வயது 82. பட்டமும் சங்கிலியும் மகன் கென்னத்துக்கு வந்தன. நாலு வருஷத்தில், 1980 ஆகஸ்டு 27-ந் தேதி, கானடாவில் ஒரு காரியம் நடந்தது. தலைநகர் ஆட்டவாவில் 1885 முதல் நடந்துவந்த ‘ஜர்னல்’ பத்திரிகையை டாம்ஸன் கம்பெனி மூடியது. அதே நாளில் வின்னிபெக் நகரில் 1890-ல் தொடங்கிய ‘ட்ரிப்யூன்’ பத்திரிகையைப் போட்டிக் கம்பெனியான சௌதாம் மூடியது. விளைவு? ஆட்டவாவில் சௌதாம் பத்திரிகைக்குப் பழைய போட்டி ஒழிந்தது. வின்னிபெக்கில் டாம்ஸன் பத்திரிகைக்கு ஒழிந்தது. “ஒரே நாளில் எப்படி?” என்று தேசமே கேட்டது. சர்க்கார், டாம் கெண்ட் என்பவர் தலைமையில் கமிஷன் போட்டது, வழக்கும் தொடர்ந்தது. 1983-ல் கம்பெனிகள் குற்றமற்றவை என்று விடுதலையாயின. கெண்ட் கமிஷனின் 1981-ம் வருஷத்து அறிக்கை, சின்ன ஊர்ப் பத்திரிகைகளில் லாபத்தை எடுத்துக்கொண்டு செய்திக்குச் செலவழிக்காத சங்கதியைக் கடுமையாகக் கண்டித்தது. சங்கிலிகளுக்கு வரம்பு கட்டவும் யோசனை சொன்னது. அந்தச் சட்டம் வரவே இல்லை.

‘டைம்ஸ்’ பத்திரிகைக்கும் பிள்ளை காலத்தில் சோதனை. புது யந்திரம் பற்றித் தொழிலாளிகளோடு தகராறு. 1978 டிசம்பர் முதல் ஏறக்குறைய ஒரு வருஷம் பத்திரிகையே வரவில்லை. 1981-ல் அதையும் ‘ஸண்டே டைம்ஸ்’ பத்திரிகையையும் ரூபர்ட் மர்டாக்குக்கு விற்றுவிட்டார்கள்.

2000-ம் வருஷம் பிப்ரவரியில் டாம்ஸன் கம்பெனி, ‘குளோப் அண்டு மெயில்’ ஒன்றைத் தவிர, மிஞ்சியிருந்த 100-க்கு மேற்பட்ட பத்திரிகைகளையும் விற்கப் போவதாக அறிவித்தது. சிறு விளம்பரங்கள் கம்ப்யூட்டருக்குப் போகப் போகின்றன என்று கணக்கு நோட்டு முன்கூட்டியே சொல்லிவிட்டது போலும். வக்கீல்களுக்கும் வியாபாரிகளுக்கும் தகவல் விற்பது இதைவிட லாபம் என்று கண்டு அந்தப் பக்கம் திரும்பினார்கள். 2008-ல் ராய்ட்டர் கம்பெனியையும் சேர்த்துக்கொண்டார்கள். விலைக்கு வந்த அந்த ஊர்ப் பத்திரிகைகளை, உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் அதிகம் வாங்கிவிடவில்லை. பெரும்பாலும் வேறு சங்கிலிக்காரர்களே வாங்கினார்கள்.