'சம்திங் வைல்ட்': முடிவோட உடன்பாடில்லை, ஆனாலும் பாருங்கோ

1961இல் வந்த 'சம்திங் வைல்ட்' படத்தை நான் பார்த்தது, கிரைட்டீரியன் நிறுவனம் மறுசீரமைத்து 2017இல் புளூ-ரேயாக வெளியிட்ட பிரதியில். (1986இல் ஜொனதன் டெம்மி இதே பெயரில ஒரு படம் எடுத்திருக்கிறார். அது வேற, மாறி எடுத்துப்போடாதேங்கோ.)

மேரி ஆன் நியூயோர்க்கில் படிக்கிற பிள்ளை. இரவு வீடு திரும்புகிற வழியில் ஒரு பூங்காவில் வல்லுறவுக்கு உள்ளாகிறாள். படத்துக்கு முக்கியம் அதுக்குப் பிறகு வாறதுதான். சத்தமில்லாமல் வீட்டுக்குள்ள வருகிறாள். குளிக்கிறாள். போட்டிருந்த உடுப்பைத் துண்டு துண்டாக வெட்டி, கழிப்பறைக்குள் போட்டு இல்லாமல் பண்ணுகிறாள். ஒருத்தருக்கும் சொல்லவில்லை. நிலக்கீழ் ரயிலில் சனம் நெருக்க, மயங்கி விழுகிறாள். வீட்டை விட்டுப் போய் ஒரு அறை எடுக்கிறாள், கடையொன்றில் வேலை. ஆராவது கிட்ட வந்தாலே உடம்பு சுருங்குது. கூட வேலை செய்யிற பெண்களுக்கு இது தலைக்கனமாத்தான் தெரியுது.

இதில பெரும்பகுதிக்கு வசனமே கிடையாது. 'இவளுக்கு என்ன நடந்தது' எண்டு விளங்கப்படுத்த ஒரு டொக்டரோ தோழியோ வாறதும் இல்லை. கரோல் பேக்கரின் தோள்களும் நடையும்தான் சொல்லுது. அதாலதான் இந்தப் படத்துக்கு மறுசீரமைப்பு ஒரு ஆடம்பரம் இல்லை எண்டு நினைக்கிறன். பாத்திரம் வாய் திறக்காத இடத்தில் படமும் ஒலியும் மங்கினால் பிறகு என்ன மிஞ்சும்? ஓய்கன் ஷுஃப்டானின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவு, உண்மையான நியூயோர்க் தெருக்கள், ஆரன் கோப்லண்டின் பதற்றமான இசை, எல்லாம் தெளிவாக வந்தால்தான் அவளுடைய மூச்சுமுட்டல் எங்களுக்கும் வரும்.

இனிக் கதையின் முடிவைச் சொல்லப் போறன். பார்க்காத ஆக்கள் இதோட நிப்பாட்டலாம்.

பாலத்தில இருந்து குதிக்கப் போனவளை மைக் எண்ட மெக்கானிக் காப்பாற்றுகிறான். தன்ர நிலவறை வீட்டுக்குக் கூட்டிப் போகிறான். பிறகு கதவைப் பூட்டுகிறான். வெளியே விடமாட்டான். ஒருநாள் குடிச்சுப்போட்டு அவளில கை வைக்க வர, அவள் உதைச்ச உதையில அவனுக்கு ஒரு கண் போகுது. கடைசியில் கதவு திறந்தே கிடக்க, அவள் வெளியே போகிறாள், நகரமெல்லாம் நடக்கிறாள். பிறகு அவனிட்டையே திரும்பி வந்து அவனைக் கலியாணம் கட்டுகிறாள்.

எனக்கு இது ஏலாது. பூட்டி வைத்தவனைக் காதலனாக்கிற கதை எங்கட சினிமாவிலும் தாராளமாகக் கிடக்கு. 'பழைய படம்தானே, அந்தக் காலம் அப்படி' எண்டு இதை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை.

ஆனால் இயக்குநர் ஜக் கார்ஃபைன் ஆரெண்டு தெரிஞ்ச பிறகு என்ர கோபம் கொஞ்சம் தடுமாறினது உண்மை. செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்த யூதர். பதின்ம வயதில் அவுஸ்விட்ஸ் உட்பட நாசி முகாம்களுக்குள் இருந்து உயிர் தப்பியவர். குடும்பத்தை அங்கே இழந்தவர். இயக்கினது மொத்தமே 2 திரைப்படங்கள். கதவு பூட்டப்பட்ட அறையை வெளியில நிண்டு கற்பனை பண்ணின ஆளில்லை. அவரும், அந்த நேரம் அவருடைய மனைவியாக இருந்த பேக்கரும் கொடுத்த நேர்காணல்கள் அந்த வெளியீட்டிலேயே இருக்கு. படத்தை முதல்ல பாருங்கோ, அதுகளைப் பிறகு பாருங்கோ. முதல்லயே கேட்டால் இரக்கம் முந்திக்கொள்ளும்.

என்னோட இருந்து பார்த்த தோழி, அவள் திரும்பிப் போனது காதலால இல்லை, உள்ளுக்கு இருந்ததைக் காட்டின ஒரே ஆள் அவன் எண்டதாலதான் எண்டு சொன்னாள். பூட்டின கதவை என்ன செய்யிறது எண்டு கேட்டன். அவளிட்ட பதில் இருக்கேல்ல, என்னட்டையும் இல்லை. ரெண்டு பேரும் இன்னொருக்கா கடைசி அரை மணித்தியாலத்தைப் போட்டுப் பார்த்தம்.