பெஞ்சும் ஆராய்ச்சிக்கூடம்தான்!

விஞ்ஞானி என்றதும் நம் கண்முன் நிற்பவை சோதனைக்குழாயும் நுண்ணோக்கியும்தான். ஒரு மரப்பெஞ்சையும் அதில் உட்கார்ந்திருக்கும் பாட்டியையும் காட்டி, “இதுவும் விஞ்ஞான ஆராய்ச்சிதான்” என்றால் மாணவ நண்பர்களே, நீங்கள் சிரிப்பீர்கள். சிரிக்கக்கூடாது என்பது என் கட்சி.

டிக்சன் சிபாண்டா ஆப்பிரிக்காவிலுள்ள ஜிம்பாப்வே நாட்டு மனநல மருத்துவர். அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த இளம்பெண் ஒருவர் 2005-ல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மருத்துவமனைக்கு வர அவருக்குப் பஸ் கட்டணம் இல்லை. டாக்டர் நகரத்தில் காத்திருக்கிறார். நோயாளி வெகுதூரத்தில் தவிக்கிறார். கோளாறு எங்கே இருக்கிறது? நோயிலா, சிகிச்சை முறையிலா, ஏற்பாட்டிலா? இந்தக் கேள்விதான் சிபாண்டாவின் ஆராய்ச்சிக்கு வித்து.

நாடு முழுவதற்கும் விரல்விட்டு எண்ணத்தக்க மனநல மருத்துவர்களே அப்போது இருந்தனர். 2006-ல் தலைநகர் ஹராரேயின் ம்பாரே பகுதியில் வேலை தொடங்க அவருக்குக் கிடைத்தவர்கள் 14 பாட்டிமார்கள். அறைகூட இல்லை. ஆகவே வெளியே பெஞ்சு போட்டார்கள். ‘மனநலப் பெஞ்சு’ என்று பெயர் வைத்தபோது அதில் உட்கார ஆட்கள் தயங்கினர். பாட்டிமார்கள் அதை ‘நட்புப் பெஞ்சு’ ஆக்கினர். மனச்சோர்வுக்கு ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’ என்று ஒரு சொல் உண்டு. ‘அளவுக்கு மீறி யோசித்தல்’ என்று பொருள். அந்தச் சொல்லையே அவர்களும் கையாண்டனர். வருபவரிடம் கேட்கும் 14 கேள்விகளும் ஷோனா மக்களின் பேச்சிலிருந்து எடுத்தவை. அவற்றை 1990-களில் ஹராரேயில் உருவாக்கிய குழுவில் நம் நாட்டு விக்ரம் படேல் இருந்தார் என்பது நமக்கு இனிக்கும் செய்தி.

“பாட்டி வைத்தியம் என்றைக்கும் பலிக்கும்” என்று இதைப் புகழ்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பாட்டிமார்களுக்குப் பயிற்சி தந்தார்கள். புத்திமதி சொல்லும் பழக்கத்தை அடக்க வேண்டும். வந்தவர் தன் கவலைகளில் ஒன்றைத் தானே தேர்ந்து, அதற்கு ஒரு வழியையும் தானே கண்டுபிடிக்க உதவ வேண்டும். நம் வீட்டுப் பாட்டியை ஐந்து நிமிடம் புத்திமதி சொல்லாமல் இருக்கச் சொல்லிப் பாருங்கள், எவ்வளவு கடினமான பயிற்சி என்று புரியும்!

பலன் தெரிந்ததும் சிபாண்டா திருப்தியடைந்து நின்றுவிடவில்லை. அவரை விஞ்ஞானி என்று நான் சொல்வது இதனால்தான். 24 மருத்துவ நிலையங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் பெஞ்சு. மறு பாதியில் வழக்கமான சிகிச்சையோடு சற்றுக் கூடுதல் கவனிப்பு. மொத்தம் 573 பேர். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பெஞ்சுக்கு வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேரிடமே மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. மற்றவர்களில் நூற்றுக்கு 50 பேரிடம். 2016-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இம்முடிவு வெளியாயிற்று. இந்த ஒப்பீடு இல்லாவிட்டால் பெஞ்சு ஒரு நல்ல கதையாகவே நின்றிருக்கும். பிறகு மலாவி, சான்சிபார் முதலிய இடங்களிலும் பெஞ்சுகள் வந்தன.

ஒன்று மட்டும் என்னை உறுத்துகிறது. “பெஞ்சு இருக்கிறதே, மருத்துவர் எதற்கு?” என்று செலவை மிச்சம்பிடிக்க நினைக்கும் அரசுகள் சொல்லக்கூடும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமுள்ளவரையும் கடும் மனநோய் உள்ளவரையும் பாட்டிமார்கள் மேல்சிகிச்சைக்கு அனுப்பவே கற்றிருக்கிறார்கள். அனுப்பினால் அங்கே மருத்துவர் இருக்க வேண்டும். அவரிடம் போய்ச் சேரப் பஸ் கட்டணமும் வேண்டும்.