ஆட்டுக்குட்டித் தங்கக் காசு



தபால்தலை சேர்ப்பதைப் பற்றி எழுதியதும், "தங்கக் காசு சேர்க்கிறவர்களும் உண்டாமே, ஐயா?" என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். உண்டு. அவர்கள் ஆசையோடு தேடும் காசு ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

ஜெர்மனியில் நூரம்பெர்க் என்றொரு பட்டணம். 1806 வரை அது பேரரசர் ஒருவருக்கு மட்டுமே கட்டுப்பட்டிருந்தது. மற்றபடி தன்னைத் தானே ஆண்டுகொண்டு, தன் பெயரிலேயே காசும் அடித்தது. 1700-ஆம் ஆண்டுக் காசில், பூமி உருண்டையின்மேல் ஓர் ஆட்டுக்குட்டி கொடியோடு நிற்கும். கொடியில் 'சமாதானம்' என்று லத்தீன் மொழியில் எழுத்து. சுற்றிலும் ஒரு பிரார்த்தனை வாசகம். அதில் நான்கு எழுத்துகள் மட்டும் பெரியவை. எம் என்றால் 1000, டி 500, சி இரண்டும் சேர்ந்து 200. கூட்டிப் பாருங்கள், ஆண்டு வந்துவிடும்! பிள்ளைகளுக்கு ரோமானிய எண் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

இந்தக் காசுக்கு 'டுகாட்' என்று பெயர். எடை ஏறத்தாழ மூன்றரை கிராம், நம் பவுனில் பாதிகூட இல்லை. ஆனால் தங்கம் மட்டமல்ல. நாம் கடையில் கேட்டு வாங்குவது 916; இதுவோ 986. அரை, கால் என்று குறைந்துகொண்டே போய், டுகாட்டில் 32-இல் ஒரு பங்குக் காசும் அடித்தார்கள். அது 0.1 கிராமுக்குச் சற்றே அதிகம், ஊதினால் பறந்துவிடும். சதுரக் காசும் உண்டு.

ஞானஸ்நானத்துக்கும் புத்தாண்டுக்கும் பரிசாகக் கொடுத்த காசு இது. வாங்கியவர்கள் வளையம் பற்றவைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள். காசுமாலை கண்ட நமக்கு இது புதிதா? பற்றவைத்த தழும்பு இருந்தால் சேகரிப்போர் விலையைக் குறைத்துவிடுவார்கள். எனக்கென்னவோ அந்தக் காசுதான் பிடிக்கிறது.

வாங்குகிறவர் ஏமாறும் இடம் வேறு. காசில் 1700 என்றிருந்தால் 1700-இல் அடித்தது என்று பொருளில்லை. அதே ஆண்டைப் போட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் அடித்தார்கள். அடித்த அதிகாரியின் பெயரெழுத்துதான் காட்டிக்கொடுக்கும். ஜி.எஃப்.என். என்றிருந்தால் முந்தியது, வேறு எழுத்தென்றால் பிந்தியது. நம் காலத்தில் புதிதாக அடித்தவையும் உண்டு; அவற்றுக்குத் தங்கத்தின் விலையை ஒட்டித்தான் மதிப்பு.

இன்னொன்று. உங்கள் பாட்டி விட்டுப்போன பழங்காசு எந்த நாட்டுடையதாக இருந்தாலும், பூந்திக்கொட்டை நீரில் ஊறவைத்துப் பிரஷால் தேய்த்துவிடாதீர்கள். தேய்த்த கீறலைச் சேகரிப்போர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். துணியில் சுற்றி அப்படியே வையுங்கள்.