தீபாவளி ஒரு எமர்ஜென்சி இல்லைங்க!

நாமக்கல்ல உட்கார்ந்துக்கிட்டு கடலைப் பத்தி எதுக்குப் பேசணும்னு கேப்பீங்க. நமக்குத் தெரிஞ்சது முட்டையும் லாரியும்தான். ஆனா மாசச் சம்பளக்காரங்க நாம செய்ற ஒரு தப்பு, மீனவர்களோட கணக்கை வெச்சுப் பார்த்தா சட்டுனு புரியும். தேதி தெரிஞ்சு வர்ற செலவையும், தெரியாம வர்ற செலவையும் நாம ஒரே பையில போட்டு வெச்சிருக்கோம்.

மீனவருக்கு ரெண்டு வகை லீவு

முதல் வகை, தேதி தெரிஞ்சது. நம்ம கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. படகைக் கரையேத்தி, இன்ஜினைப் பிரிச்சு, பெயின்ட் அடிக்கிறதும் அப்பத்தான். வரவு நிக்கிற நேரத்துலதான் பெரிய செலவு!

ரெண்டாவது வகை, தேதி இல்லாதது. கரையோரமா போற நாட்டுப்படகுக்கு அந்தத் தடை இல்ல, ஆனா காத்து இருக்கு. ராத்திரியே வலையும் எரிபொருளும் தயாரா வெச்சிருந்தாலும், விடியக்காலைல காத்து சரியில்லைன்னா படகு கரையிலதான். புயல் எச்சரிக்கை வந்தா தொடர்ந்து பல நாள் அப்படித்தான். "எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டோமே"ன்னு யாரும் கிளம்ப மாட்டாங்க.

1,500 கட்டினா 4,500

மீனவர்களுக்கு ஒரு சேமிப்பு நிவாரணத் திட்டம் இருக்கு. மீன் கிடைக்கிற மாசங்கள்ல அவங்க 1,500 ரூபாய் கட்டணும். ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து 3,000 போட்டு, வருமானம் குறையுற மாசங்கள்ல 4,500 ஆ திருப்பித் தருவாங்க. தொகை சின்னதுதான், ஆனா பஞ்ச காலம் வரும்னு தெரிஞ்சா முன்னாடியே எடுத்து வைக்கணும்ங்கிற யோசனை பெருசு.

இது போதுமான்னா, போதாது. தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயை 61 நாளுக்குப் பிரிச்சா ஒரு நாளைக்கு 131 ரூபாய்தான். மிச்சத்துக்குப் பல பேர் மீன் வியாபாரிகிட்ட முன்பணம் வாங்குறாங்க. அப்புறம் பிடிக்கிற மீனை அவர் சொல்ற விலைக்கு அவருக்கே கொடுக்கணும். நாளைக்குப் பிடிக்கப் போற மீன் இன்னைக்கே வித்தாச்சு! கிரெடிட் கார்டு இஎம்ஐ-யும் இதேதான், நாம விக்கிறது அடுத்த மாசச் சம்பளத்தை.

நம்ம வீட்டு தடைக்காலம்

தீபாவளி திடீர்னு வருதா? ஊர் நோம்பி? வண்டி இன்சூரன்ஸ்? ஆனா அதுக்கெல்லாம் எமர்ஜென்சி ஃபண்டை உடைக்கிறோம். நெசமாவே ஆஸ்பத்திரிச் செலவு வரும்போது அங்க ஒண்ணும் இருக்காது.

ஒரு கணக்கு போடுவோம். வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ் 8,000, ஹெல்த் இன்சூரன்ஸ் 18,000, தீபாவளி 20,000, நோம்பி 14,000. மொத்தம் 60,000. மாசம் 5,000 ரூபாய்க்கு ஒரு ஆர்டி போட்டா முடிஞ்சது. இது உங்க தடைக்கால நிதி. எமர்ஜென்சி ஃபண்டு, அதாவது ஆறு மாசச் செலவுப் பணம், வேற கணக்குல இருக்கணும். அது புயலுக்கு.

எதை மாத்தலாம், எதை மாத்தக் கூடாது?

வேலை போச்சு, சம்பளம் தள்ளிப்போச்சுன்னா எஸ்ஐபி-யைக் கொஞ்ச மாசம் நிறுத்தி வைக்கலாம், பெரும்பாலான ஃபண்டுகள்ல அந்த வசதி இருக்கு. டூர், புது போன் எல்லாம் தள்ளிப் போடலாம். ஆனா டேர்ம் பாலிசி பிரீமியத்தையும் ஹெல்த் இன்சூரன்ஸையும் விடாதீங்க. அது லைஃப் ஜாக்கெட். கனம்னு கரையில விட்டுட்டுப் போற பொருள் இல்ல.

என் கருத்து இதுதான்: திட்டம் போடுறதும் வளைஞ்சு கொடுக்குறதும் எதிரெதிர் இல்ல. தெரிஞ்ச 61 நாளுக்குப் பணம் எடுத்து வெச்சவனாலதான், தெரியாத புயல் அன்னைக்கு "இன்னைக்குப் போகலை"ன்னு தைரியமா சொல்ல முடியும். கையில காசு இல்லாதவன்தான் மோசமான காத்துலயும் படகைத் தள்ளுவான். பிடிக்காத வேலையில, வேற வழியில்லாம ஒட்டிக்கிட்டு இருக்கிறவனும் அப்படித்தான்.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு பேப்பர் எடுங்க. அடுத்த 12 மாசத்துல தேதி தெரிஞ்ச செலவை மட்டும் எழுதுங்க. 12 ஆல வகுங்க. திங்கட்கிழமை ஆர்டி ஆரம்பிங்க.