ஏர் எடுக்கத் தெரியுமா, நண்பா?

வைவாவில் 'பிளீடிங் என்றால் என்ன?' என்று கேட்டால் கடகடவென்று ஒப்பித்துவிடுவோம். டேங்க் வறண்டு நின்ற எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொன்னால்தான் முழி பிதுங்கும்!

காற்று அமுங்கும், டீசல் அவ்வளவாக அமுங்காது. பம்ப்புக்குள் காற்று புகுந்தால் பிளஞ்சர் அதையே அமுக்கிக்கொண்டிருக்கும். சுமார் 200 பாரில் திறக்க வேண்டிய இன்ஜெக்டர் வாயே திறக்காது. (வேடிக்கை பாருங்கள், 1897-ல் ருடால்ஃப் டீசலின் எஞ்சினில் எரிபொருளைத் தூவியதே அழுத்தப்பட்ட காற்றுதான்!)

பட்டறைப் பையன் ஃபில்டர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பிரைமரை அடித்து, நுரை போய்த் தெளிவாக டீசல் வந்ததும் இறுக்குகிறான். அப்புறம் பம்ப், கடைசியில் இன்ஜெக்டர் பைப் நட். இந்த வரிசை அவன் கையில் இருக்கிறது. நமக்கோ ரெக்கார்ட் நோட்டில்.

காமன் ரெயில் காலத்தில் இதெல்லாம் எதுக்குப்பா என்பார்கள் சிலர். அதில் ஆயிரம் பாருக்கும் மேல் அழுத்தம்; ஓடும்போது நட்டைத் தளர்த்தினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். எங்கே கை வைக்கக்கூடாது என்று தெரியவும் பழக்கம் வேண்டாமா?

என் கட்சி இதுதான்: கட் செக்‌ஷன் மாடலோடு நிறுத்தாமல், ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது சொந்தக் கையால் ஏர் எடுத்த பிறகே ரெக்கார்டில் ஆசிரியர் கையெழுத்து போட வேண்டும். நம் சங்கம் இதைக் கேட்க வேண்டும்.